கட்டுப்பாட்டு மருந்து

பிளீச்சிங் பவுடரின் வாசனை மற்றவர்களுக்கு மூக்கில் ஏறும். எனக்குத் தொண்டையில் ஏறும். இன்று காலை எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் சம்ப் கழுவினார்கள். படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையை ஒட்டிய கட்டடம், மூன்றாவது மாடி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கீழேயிருந்து அது படிப்படியாக ஏறி வந்தது, விருந்தாளியைப் போல வாசலில் நின்றது, பிறகு உள்ளே வந்துவிட்டது.

"பத்து மணி வரைக்கும் பைப்பத் தெறக்காதீங்கம்மா! மருந்து போட்டுகீது!" கீழே வாட்ச்மேனின் குரல்.

மருந்து. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் டம்ளரை உதடு வரை கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்துவேன். பிறகுதான் குடிப்பேன். என் மகள் சின்ன வயதிலிருந்தே இதைக் கேலி செய்வாள். "அம்மா தண்ணிகிட்ட பர்மிஷன் கேக்கறாங்க" என்பாள். சிரிப்பேன். அந்த ஒரு நொடி எந்த ஊரில், எந்தக் கிணற்றடியில் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று அவளிடம் சொன்னதில்லை.

1991, மே மாதம். பிளஸ் ஒன் பரீட்சை முடிந்திருந்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் பெண்கள் பள்ளியிலிருந்து இருபது பேர், ஒரு டீச்சரோடு, பத்து நாள் சேவை முகாமுக்குப் போனோம். ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே, பிள்ளைப்பாக்கம் தாண்டி ஒரு சின்ன ஊர். அந்த மாதத்தையும் அந்தப் பக்கத்தையும் நாடே வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறது. எங்கள் முகாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. எங்கள் செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. வந்திருக்க வேண்டிய செய்தியும் இல்லை. ஒரு கிணறு, ஒரு வார்த்தை, ஒரு பெண். அவ்வளவுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கல். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம். காலையில் வாய்க்கால் தூர் எடுப்பது, பத்து மணிக்குப் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பது, சாயங்காலம் வீடு வீடாகப் போய் வாந்தி பேதி வந்தால் என்ன செய்வது என்று அட்டையில் படம் காட்டுவது. போன கோடையில் அக்கம்பக்கத்து ஊர்களில் வாந்தி பேதி பரவியிருந்தது. அதனால் முகாமின் பெரிய வேலை கிணறு. ஊருக்கே அது ஒன்றுதான் குடிதண்ணீர். அதில் பிளீச்சிங் பவுடர் கரைத்து விட வேண்டும்.

இரண்டாம் நாளே அவள் வந்தாள். நான் கரும்பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். பச்சைக் கண்ணாடி வளையல், கழுத்தில் கயிற்றில் சிலுவை.

"பாப்பா, ஒரு சாக்பீஸ் குடேன்."

கொடுத்தேன். குழந்தைக்குக் கிறுக்கக் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவள் நுனியை ஒடித்து வாயில் போட்டு மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சாமிர்தம் தின்கிற மாதிரி.

பக்கத்தில் என் சிநேகிதி, வகுப்பிலேயே பெரிய வாயாடி, வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, டஸ்டர் வேணுமா? தொட்டுக்க."

அந்த அக்கா சிரித்தாள். கோபமே இல்லை. ஜன்னலுக்குள் முகத்தைக் கொண்டுவந்து ரகசியம் பேசினாள். "நாலு மாசம். ஏழு வருசம் கயிச்சி. எங்க மாமியாருக்கும் வூட்டுக்காரருக்கும்தான் தெரியும். யாருகிட்டியும் சொல்லிடாத, கண்ணு பட்டுடும்."

அதன்பின் தினமும் ஒரு சாக்பீஸ். நான் எடுத்து வைத்திருப்பேன். அவள் பேர் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் என் பேரைக் கேட்கவில்லை. அக்கா, பாப்பா. அதுவே போதுமாக இருந்தது. அது போதாது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் கிணறு. முதலில் ஊருக்கு அறிவிக்க வேண்டும். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பள்ளியில் கட்டுரைப் போட்டி என்றால் பரிசு எனக்குத்தான், எனவே எழுதும் வேலையும் எனக்குத்தான். கெணத்துல மருந்து போடறோம், ஒரு மணி நேரம் தண்ணி எடுக்காதீங்க. இவ்வளவுதான் விஷயம். பதினாறு வயதுப் பரிசுக்காரி அப்படி எழுதுவாளா? எழுதினேன்: "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. இன்று பிற்பகல் மூன்று மணியளவில் குடிநீர்க் கிணற்றில் நோய்க் கட்டுப்பாட்டு மருந்து இடப்படவிருக்கிறது. கட்டுப்பாட்டு மருந்து இடப்பட்ட பின்னர் ஒரு மணி நேரம் வரை..."

டீச்சர் படித்துப் பார்த்து "அட" என்றார். அந்த "அட"வில் நான் ஒரு அடி உயர்ந்தேன்.

மாதா கோயிலில் இரவல் வாங்கிய கைமைக். தேர்தல் சமயம். மைக் கட்டிய ஆட்டோக்கள் காலையிலிருந்து ஓயாமல் வந்துபோய்க்கொண்டிருந்தன. நான் தெருவில் நின்று என் செந்தமிழை வாசிக்கும்போது ஒரு வீட்டிலிருந்து கேட்டார்கள்: "எந்தக் கட்சிம்மா நீங்க?" சிரித்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனேன். அதே நேரத்தில் சுகாதார நிலைய ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து பவுடர் பையை இறக்கிவிட்டுப் போனது. ஜீப்பைக் கண்டதும் பெண்கள் சட்டென்று உள்ளே போனதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, என்ன பார்த்தேன் என்று தெரியாது.

எவ்வளவு பவுடர் என்று கணக்குப் போடுவதும் என் தலையில் விழுந்தது. கிணற்றின் வாயைக் கயிற்றால் அளந்தோம். கல்லைக் கட்டி ஆழம் பார்த்தோம். பை ஆர் ஸ்கொயர் ஹெச். எனக்குக் கணக்கு வராது. நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, ஒரு விடைக்கு வந்தேன். வாளியில் கரைத்து, தெளிய வைத்து, தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் இறக்கினோம். வாசனை குப்பென்று மேலே வந்தது. ஒரு மணி நேரம் யாரையும் விடாமல் பார்த்துக்கொள்ள எனக்கும் வாயாடிக்கும் காவல்.

காவலுக்கு வேலையே இல்லை. யாரும் வரவில்லை.

ஒரு மணி நேரம் முடிந்தது. அப்போதும் வரவில்லை. சாயங்காலம் அந்த நேரத்துக்குக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும், சண்டை நடக்கும். அன்று காக்கை ஒன்று துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தூரத்தில், ஏரிக்கரை மேல், பெண்கள் குடத்தோடு போவது தெரிந்தது. ஏரி வற்றிக் கிடந்தது. நடுவில் ஒரு குட்டை, மாடுகள் படுத்து எழுகிற குட்டை. அங்கேதான் போகிறார்கள்.



திரும்பி வருகிறவர்களில் அந்த அக்காவும் இருந்தாள். இடுப்பில் குடம். நான் ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"அக்கா, நேரம் முடிஞ்சிடுச்சி. இப்ப எடுக்கலாம்."

"நீ எட்த்துக்கோ பாப்பா."

"அது மாடு கழுவற தண்ணிக்கா!"

"மாடு குடிச்சிட்டுக் கன்னு போடாமயா பூட்ச்சி?"

எனக்குப் புரியவில்லை. வாயாடிக்கும் புரியவில்லை. "இன்னாக்கா சொல்றீங்க?" என்றாள்.

"இன்னாத்த சொல்றது. நீங்கதான் மைக்குல சொன்னீங்களே, கட்டுப்பாட்டு மருந்துன்னு. நாங்க படிக்காதவங்கதான். ஆனா அந்த வார்த்த எங்களுக்குத் தெரியும். அந்த ஜீப்பு எதுக்கு வருதுன்னும் தெரியும்."

அப்போதுதான் விளங்கியது. கட்டுப்பாடு என்றால் அந்த ஊருக்கு ஒரே கட்டுப்பாடு, குடும்பக் கட்டுப்பாடு. பெண்களை ஆபரேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பில் வந்து இறங்கிய பவுடர். அதைக் குடிக்கிற கிணற்றில் போட்டுவிட்டு, மைக்கில் அதன் பேரையும் சொல்லிவிட்டேன். கனிவான கவனத்திற்கு.

"ஐயோ, சத்தியமா இல்லக்கா. இது கிருமியக் கொல்றதுக்கு."

"எது கிருமின்னு அதுக்குத் தெரியுமா?" அவள் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே கேட்டாள். வயிற்றின் மேல் கை வைத்திருந்தாள். "இதுவும் இப்ப ஒரு பூச்சியாட்டம்தானே கீது."

நான் கிணற்றைத் திரும்பிப் பார்த்தேன்.

"செரி. நீயும் பொட்டப்புள்ள. நாளைக்கி ஒருத்தனக் கட்டிக்கினு புள்ள பெத்துக்கப் போறவ. நீ குடி. நான் பாக்கறேன். நீ குடிச்சா நானும் இத்த ஊத்திட்டு அத்தயே எட்த்துகினு போறேன்."

கிணற்றடிக்குப் போனோம். வாளியை இறக்கினேன். இழுத்தேன். இரண்டு கையையும் குவித்து அள்ளினேன். முகத்தருகே கொண்டுவந்தேன். அந்த வாசனை. அப்போது மண்டைக்குள் ஒரு கேள்வி, எங்கிருந்தோ: ஆரமா, விட்டமா? கயிற்றால் அளந்தது விட்டம். சூத்திரத்தில் போட வேண்டியது ஆரம். பாதியாக்கினேனா? பாதியாக்காமல் போட்டிருந்தால் நாலு மடங்கு. நாலு மடங்கு மருந்து குடித்தால் என்ன ஆகும்? ஆரமா, விட்டமா?

ஒரு நொடி. ஒன்றரை நொடி இருக்கலாம்.

"யோசிக்கிற பாத்தியா" என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள், எனக்காக வருத்தப்படுகிற மாதிரி. குடத்தைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டாள்.

குடித்தேன். கையிலிருந்ததைக் குடித்தேன், மறுபடி அள்ளிக் குடித்தேன், வாளியைத் தூக்கி வாயில் சரித்துக் குடித்தேன். "அக்கா! பாருங்க! குடிச்சிட்டேன்!" அவள் திரும்பவில்லை. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது, சிந்திவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடி நோட்டைப் பிரித்தேன். பாதியாக்கியிருந்தேன். ஆரம்தான். கணக்கு சரி. வாழ்க்கையில் நான் போட்ட ஒரே சரியான கணக்கு.

டீச்சரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். இந்த முறை அவரே எழுதினார், எளிமையாக: "கிணற்றில் போட்டது குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து அல்ல." மறுநாள் காலை அதையும் நான்தான் வாசித்தேன். மைக்கின் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. கரகரவென்று விட்டுவிட்டுக் கேட்டது. "குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து" வரைக்கும் வந்தேன், ஒரு தேர்தல் ஆட்டோ பாட்டோடு திரும்பி வந்தது. என் "அல்ல" அதன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டது.

அரை மணி நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக: "டீச்சரம்மா, ஒருவாட்டி சொன்னதே போதும். இன்னொருவாட்டி வேணாம்."

டீச்சர் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அவர் கேட்டார், தலையாட்டினார், கிணற்றில் ஒரு சொம்பு சேந்தி நாலு பேர் பார்க்கக் குடித்துவிட்டும் போனார். "அவருக்கு இன்னா, ஆம்பள" என்றார்கள் பெண்கள். ஆனாலும் இரண்டு நாளில், வெயில் தாங்காமல், ஒவ்வொருவராக வந்தார்கள். நாங்கள் அந்தத் தண்ணீரில் சமைப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். குடங்களின் வரிசை திரும்பியது, சண்டையும் திரும்பியது. அந்த அக்கா மட்டும் வரவில்லை. சாக்பீஸுக்கும் வரவில்லை. தினமும் ஒன்றை எடுத்து ஜன்னல் கட்டையில் வைப்பேன். அப்படியே இருக்கும். ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சோறு இறங்கவில்லை. அவள் "யோசிக்கிற பாத்தியா" என்று சொன்ன குரல் காதுக்குள் ஒரு கொசுவாக இருந்தது.

ஏழாம் நாள் பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்காரர் வந்தார். மண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு பட்டறையில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நின்றார். "டீச்சரம்மா, வூட்ல விடிகாலைலேர்ந்து போய்கினே கீது. வாந்தியும் நிக்கல. நாலு மாசம் வேற..."

டீச்சர் யாரையோ சைக்கிளில் ஜீப்புக்கு அனுப்பினார். எங்களைப் பார்த்து, "உப்பு சக்கரைத் தண்ணி, ஓடுங்க" என்றார். அட்டையில் படம் காட்டி ஊருக்கே நாங்கள் சொல்லிக்கொடுத்தது. கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி சர்க்கரை, மூன்று விரல் உப்பு. கண்ணீர் அளவுக்குத்தான் கரிக்க வேண்டும். நான் நாக்கில் வைத்துப் பார்த்தபோது எது எந்த உப்பு என்று தெரியவில்லை.

அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. வளையல்கள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தளர்ந்து ஓடின. சொம்பை நீட்டினேன். அவள் மாமியார் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"எந்தத் தண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். "கெணத்துத் தண்ணிக்கா. கொதிக்க வச்சது."

அவள் உதட்டைத் திறக்கவில்லை. நான் சொம்பைத் தூக்கினேன். இந்த முறை என் மண்டைக்குள் எதையும் விடவில்லை. ஆரம் இல்லை, விட்டம் இல்லை. மடக் மடக்கென்று பாதிச் சொம்பு. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தொண்டையைப் பார்த்தாள். அது ஏறி இறங்குவதை எண்ணுகிற மாதிரி பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

குடித்தாள். வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன், ஒவ்வொரு ஸ்பூனாக.

ஜீப் வந்தது. அதே ஜீப். அதைப் பார்த்ததும் எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாதவள் வாசல்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "வேணாம். அதுல ஏத்தினா வெறும் வவுத்தோடதான் எறக்குவாங்க." வீட்டுக்காரர் கெஞ்சினார், திட்டினார், அழுதார். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் போய் ஜீப்பில் முதலில் ஏறி உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து கையை நீட்டினேன். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. தோள்பட்டை வலித்தது. கடைசியில் அவள் பிடித்தாள்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை என் மணிக்கட்டை விடவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் நகம் பதிந்தது. டீச்சர் முன்சீட்டில் ஜெபமோ சுலோகமோ ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ஒரு நர்ஸ் வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புள்ள இப்போதைக்கு இருக்குது. ரெண்டு நாள் பாக்கணும்."

இப்போதைக்கு. இந்த ஒரு வார்த்தையை நான் முப்பது வருடத்துக்கு மேலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு உறுதியாக எதுவும் தெரியாது. முகாம் முடிந்து ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் அந்தப் பக்கமெல்லாம் போலீஸ். அப்பா அந்தத் திசையில் பஸ் ஏறவே விடவில்லை. அக்டோபர் மாதம் முழுக்க, இன்று பிறந்திருக்குமா, நேற்றா என்று நினைத்தபடி பள்ளிக்கூடம் போனேன். கடிதம் எழுதலாம் என்றால் யாருக்கு என்று எழுதுவது? அக்கா, ஏரிக்கரைத் தெரு? படப்பைக்குக் குடிவந்த புதிதில் ஒருநாள் தேடிக்கொண்டு போனேன். பெயர் தெரியாமல் ஓர் ஆளைத் தேடுவது எப்படி? "சாக்பீஸ் தின்பாங்க" என்றா கேட்பது? ஏரிக்கரை வரை ஒரு கம்பெனியின் மதில். டீக்கடையில் சொன்னார்கள், அந்தத் தெருவில் பாதிப் பேர் இடத்தை விற்றுவிட்டு எங்கெங்கோ போய்விட்டார்கள் என்று. ஷேர் ஆட்டோவில் எதிரில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை மாட்டிய யாராவது, முப்பதைத் தாண்டிய ஆணோ பெண்ணோ, ஷிப்ட் முடிந்து தூங்கி வழிந்துகொண்டு உட்கார்ந்தால் முகத்தையே பார்ப்பேன். அவர்கள் சங்கடப்பட்டுத் திரும்பிக்கொள்வார்கள்.

முகாமின் ஒன்பதாம் நாள் ராத்திரி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பத்தாம் நாள் காலை நாங்கள் புறப்பட்டோம். பாய், அண்டா, மண்வெட்டி எல்லாம் வேனில் ஏறிவிட்டன. பெண்கள் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தெருமுனையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். முகம் இன்னும் வற்றித்தான் இருந்தது. கையில் ஒரு சொம்பு.

ஓடிப்போனேன். பையில் வைத்திருந்த சாக்பீஸ் டப்பாவை அவள் கையில் திணித்தேன். டீச்சருக்குத் தெரியாமல் எடுத்தது, முழு டப்பா.

"அடிப்பாவி" என்று சிரித்தாள். "பள்ளிக்கூடத்தையே தூக்கிக் குட்த்துட்ட."

"அக்கா, புள்ள..."

"கீது." வயிற்றைத் தொட்டாள். "காலைல ஒருதபா அசஞ்ச மாதிரி இருந்துச்சி." கொஞ்சம் நிறுத்தி, "இல்ல, எனக்குத்தான் அப்டித் தோணுச்சோ இன்னாவோ" என்றாள்.

"அடியே, வண்டி எடுக்கறாங்க! சாக்பீஸ் தின்னது போதும், வா!" வேனிலிருந்து வாயாடி கத்தினாள்.

அக்கா சொம்பை நீட்டினாள். "வெயில்ல போற. குட்ச்சிட்டுப் போ."

வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோனேன். எந்தத் தண்ணி என்று கேட்க நாக்கு துடித்தது. கிணற்றுத் தண்ணீர் என்றால் அவள் குடிக்கிறாள் என்று அர்த்தம். குட்டைத் தண்ணீர் என்றால், இந்தப் பத்து நாளில் நாங்கள் செய்த எதற்கும் பலனில்லை என்று அர்த்தம். கேட்டால் நம்பாததுபோல் ஆகும். கேட்காவிட்டால் ஆயுசுக்கும் தெரியாது. சொம்பின் விளிம்பு உதட்டில் பட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். அவள் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோசிக்காத பாப்பா," என்றாள். "குடி."